சைக்கிள் பாதைக்கு அப்பால் நிற்கும் பேருந்து

பார்வையற்ற நண்பர் ஒருவருடன் அண்மையில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து சென்றேன். புதிதாக அமைத்திருந்த தடுப்புள்ள சைக்கிள் பாதை, அங்கே நடைபாதைக்கும் பேருந்து மேடைக்கும் நடுவே வளைந்து செல்கிறது. பேருந்தும் சைக்கிளும் ஒன்றையொன்று மறிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. தினமும் சைக்கிள் ஓட்டுகிறவள் என்ற முறையில் எனக்கு அதில் நிம்மதிதான். நண்பரோ வெள்ளைக்கோலை ஓரத்தில் ஊன்றியபடி நின்றுவிட்டார். "பேருந்து வருவது காதில் விழுகிறது. சைக்கிள் வருவதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் ஒரு சைக்கிள் கடந்து போயிற்று. செயின் உருளும் அந்த மெல்லிய சத்தம், அது தாண்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

இத்தகைய இடங்களில் சைக்கிள் பாதையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திக் கடவை அமைப்பது நல்ல வழி. ஏறி இறங்க வேண்டியிருப்பதால் சைக்கிளின் வேகம் குறையும். சக்கர நாற்காலியும் மேடுபள்ளமின்றிக் கடக்கும். ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாற்காலியின் சிறிய முன்சக்கரங்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் விளிம்பே தடையாகிவிடும். கோலை நம்பி நடப்பவருக்கோ அந்த விளிம்புதான் நடைபாதை முடிகிறது என்பதற்கான அடையாளம். பார்வையற்றோர் தவறாமல் உணர்வதற்கு ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் உயரமுள்ள விளிம்பு வேண்டும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு கண்டறிந்தது. ஆகவே கடக்கும் இடத்தில் மட்டும் விளிம்பை நீக்கி, அங்கே தொட்டுணர் ஓடுகளைப் பதிக்க வேண்டும். ஜப்பானின் ஒக்காயாமாவில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே 1967இல் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட ஓடுகளின் வழிவந்தவை இவை: புள்ளிகள் 'நில்' என்கின்றன, நீள்கோடுகள் 'இவ்வழியே செல்' என்கின்றன.

மாற்றுத்திறனாளிகள் சைக்கிள் பாதையைக் கடப்பவர்கள் மட்டுமல்லர், அதில் ஓட்டுபவர்களும்தான் என்பதைத் திட்டமிடுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள். (நானும் அன்றுவரை அதிகம் யோசித்ததில்லை.) கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி சாதாரண சைக்கிளைவிட அகலமானது, நீளமானது, திரும்புவதற்குக் கூடுதல் இடம் கேட்பது. பிரிட்டனில் 2020இல் வெளியான வடிவமைப்பு வழிகாட்டி, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள வண்டியையே அளவுகோலாகக் கொள்கிறது. பாதையின் வாயிலில் நடும் கம்பங்களுக்கிடையே 1.5 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது. பைக்குகளைத் தடுக்க நெருக்கி நடும் கம்பங்கள் பைக்கைத் தடுக்கின்றனவோ இல்லையோ, இந்த வண்டிகளை நிச்சயம் தடுத்துவிடும்.

பாதையை ஒட்டிக் கார் நிறுத்துமிடம் இருந்தால், காரிலிருந்து நாற்காலியை இறக்க இடமும், அதை ஒட்டியே நடைபாதைக்கு ஏறச் சாய்தளமும் வேண்டும். தெருமுனையில் மட்டும் சாய்தளம் வைத்தால், அதுவரை சைக்கிள்களுக்கு எதிராக உருட்டிச் செல்ல நேரும்.

அன்று மாலை திரும்பி வந்தபோது கவனித்தேன். நடைபாதைப் பக்கம் புள்ளி ஓடுகள் ஒழுங்காகவே பதிக்கப்பட்டிருந்தன. பேருந்திலிருந்து இறங்கி வருகிறவர் சைக்கிள் பாதையில் கால் வைக்கும் மேடைப் பக்கத்தில், வழவழப்பான சிமெண்ட் தரை மட்டுமே இருந்தது.