ஊசிக்குப் பிறகு குழம்பிய மாதக் கணக்கு

கொவிட் ஊசி ஊரூராகப் போடப்பட்ட 2021இல் திருகோணமலைப் பெண்களிடையே இரண்டு பேச்சு ஓடியது. ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்பது ஒன்று. மாதவிடாய் குழம்பும் என்பது மற்றது. முதலாவது சுத்தப் பொய். இரண்டாவதில் உண்மை இருந்தது. ஆனால் ஊசிக்கு ஆட்களைச் சேர்க்க வேண்டிய அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வதந்தி என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு எங்களுக்கு ஒன்று நடந்தபோது கேட்க ஆளில்லை, பக்கத்து மேசைக்காரியைத் தவிர.

எனக்கு அப்போது 39 வயது. சினோபாம் இரண்டு ஊசியும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவதுக்குப் பிறகு கொஞ்சம் பிந்தி வந்தது, அவ்வளவுதான். 2022 தொடக்கத்தில் மூன்றாவதாக ஃபைசர் போட்டேன். அதற்கடுத்து வந்தது வேறு மாதிரி. மணித்தியாலத்துக்கு ஒரு பாட், கட்டி கட்டியாக, வாரம் தாண்டியும் நிற்கவில்லை. கந்தோரில் கதிரையை விட்டு எழும்பவே பயம். அடுத்த மாதமும் அப்படியே. பொருளெல்லாம் விலையேறிக்கொண்டிருந்த காலம். பாட் வாங்கும் காசு சந்தைச் செலவோடு போட்டி போட்டது.

யாரிடம் சொன்னாலும் "எனக்கும்தான், ஊசியால. தானா நிக்கும்" என்றார்கள். தனியார் வைத்தியர் ஒருவரும் அதையே சொல்லி, நோ மாத்திரை தந்து அனுப்பினார். எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு கேள்வி இல்லை.

என்னோடு வேலை செய்யும் கிண்ணியாத் தோழிதான் முதன்முதலில் சரியான கேள்வியைக் கேட்டாள்: "எப்ப தொடங்கி எப்ப நிண்டது?" எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குப் போகாத நாளை வைத்து ஒரு உத்தேசம்தான். அவளிடமோ வருசக்கணக்கான திகதி இருந்தது. தொழுகைக்கும், விட்ட நோன்பைப் பிறகு பிடிப்பதற்கும் (களாச் செய்வது என்பார்கள்) அந்தக் கணக்கு வேண்டுமாம். பதினைந்து நாளைத் தாண்டினால் அது ஹைளு, அதாவது மாதவிடாய், இல்லை, குளித்துவிட்டுத் தொழவேண்டும் என்றாள். ஊசிக்குப் பிறகு தனக்கு ஒரே ஒரு முறைதான் பிந்தியது, அடுத்த மாதம் வழமைக்கு வந்துவிட்டது என்று கொப்பியைப் பார்த்தே சொன்னாள். ஊரிலிருந்த ஆதாரங்களில் நான் கண்ட சிறந்தது அந்தக் கொப்பிதான்.

அவளுக்கு நடந்ததுதான் பெரும்பாலானோருக்கும் நடந்தது. அமெரிக்காவில் சுமார் 4,000 பெண்களின் சுழற்சிகளைப் பார்த்து 2022 ஜனவரியில் வெளியான ஆய்வு, ஊசியால் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நீண்டது என்றது. ஒரே சுழற்சிக்குள் இரண்டு ஊசி போட்டவர்களுக்கு இரண்டு நாளளவு. பிறகு வழமைக்குத் திரும்பியது. ஊசி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்புகிறது; அந்தப் பரபரப்பு முட்டை வெளிவரும் நேரத்தையும் கருப்பையின் உட்சுவரையும் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறது என்பதுதான் தரப்படும் விளக்கம். கொவிட் வந்தாலும் அப்படிக் குழம்பலாம். ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2022 ஒக்டோபரில் ஃபைசர், மொடேர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக இரத்தப்போக்கைச் சேர்க்கச் சொன்னது. பெரும்பாலும் தற்காலிகம், ஆபத்தில்லாதது என்றும் சொன்னது. பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஒரு முறை பிந்துவதற்கு அந்த விளக்கம் போதும். எனக்கு நடந்தது ஒரு முறை பிந்தியது இல்லையே.

எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் போனேன். பிள்ளை பிறந்த காலத்திலிருந்து பழக்கம், வெட்கமில்லாமல் கதைக்கலாம். "ஊசியாலயோ மிஸ்?" என்றேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தா. "ஊசியாலயும் இருக்கலாம். ஆனா இந்த வெளிறலோட உம்மை வீட்டை விடமாட்டன்" என்றா. ஊசி போட்ட திகதியையும் விபரத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரி பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் எடுத்துத் தந்தா.

கிளினிக்கில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. டொக்டர் சிங்களம் பேசுபவராக இருந்தால் இடையில் யாரோ மொழிபெயர்க்க வேண்டும், சில வேளை ஆண் ஊழியர். கட்டி கட்டியாகப் போகிறது என்பதை அப்படி ஒருவர் வாயால் சொல்லவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? "ரத்தம் கூட" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதனால் நான் நினைவிலிருந்ததை எல்லாம் ஒரு தாளில் இலக்கமாகவே எழுதிக்கொண்டு போனேன்: தொடங்கிய திகதி, நின்ற திகதி, ஒரு நாளைக்கு எத்தனை பாட், ஊசி போட்ட நாள், குடிக்கும் மாத்திரைகள். கட்டியின் அளவுக்கு ஐந்து ரூபாக் குத்தியை வைத்து வட்டம் கீறினேன். டொக்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அதைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் குத்தச் சொன்னார். மொழிபெயர்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. "இல்லை டொக்டர்" என்றாலும் செய்வார்கள், கோபிக்க வேண்டாம். பிறகு இரத்தம்: ஹீமோகுளோபின், தைரொயிட். எனக்கு ஹீமோகுளோபின் 9.2, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 ஆவது இருக்க வேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்கியதை வேலைக் களைப்பு என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஸ்கானுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வாங்கில் காத்திருப்பதுதான் முழுப் பயணத்திலும் கொடுமையான பகுதி. கருப்பைக்குள் சிறிய ஃபைப்ரொயிட் ஒன்று, அதாவது கருப்பைத் தசையில் வளரும் கட்டி, இருந்தது. புற்றுநோய் இல்லை, நாற்பதை அண்டிய பலருக்கு இருப்பது.

ஊசியாலா வந்தது என்று கேட்டேன். ஃபைப்ரொயிட் அதற்கு முன்பே இருந்திருக்கும், ஊசி அந்த மாதத்துப் போக்கைக் கூட்டியிருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்ஸாமிக் அசிட் மாத்திரை தந்தார்கள். இரத்தம் போகும் நாட்களில் மட்டும். குடும்பத்தில் யாருக்கும் காலில், நெஞ்சில் இரத்தம் உறைந்ததா என்று கேட்டுவிட்டே எழுதினார். ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு, வெளியே வாங்கினேன். கூடவே இரும்புச்சத்து மாத்திரை. அதை பிளேன்டீயோடு குடிக்கக் கூடாது, தேயிலை சத்தை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு குடிப்பேன். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. மூன்று நேரப் பிளேன்டீயை மாத்திரைக்குத் தூரமாகத் தள்ளிவைத்ததுதான் எனக்குக் கஷ்டம். சில மாதத்தில் போக்கு அடங்கியது, ஹீமோகுளோபினும் 12ஐத் தாண்டியது.

இதைப் பார்த்துத்தான் சாம்பல்தீவிலிருக்கும் பெரியம்மா மெல்ல வாயைத் திறந்தா. மாதவிடாய் நின்று வருசங்களான பிறகு, ஊசி போட்ட பின் அவவுக்கும் இரத்தம் பட்டிருக்கிறது. "ஊசியாலதானே பிள்ளை, உனக்கும் வந்ததுதானே?" ஊசிக்குப் பிறகு அப்படிக் கண்ட பெண்கள் வெளிநாடுகளிலும் ஏராளம். ஆனால் நின்றபின் ஒரு துளி வந்தாலும் காட்டத்தான் வேண்டும்; ஊசியோ வேறெதுவோ, உட்சுவரைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அடுத்த கிளினிக் நாளில் அவவையும் கூட்டிப்போனேன். ஸ்கானில் உட்சுவர் நாலு மில்லிமீற்றரைத் தாண்டியிருந்ததால் சதை எடுத்துச் சோதித்தார்கள். சாதாரண பொலிப், உட்சுவரில் வளரும் சிறு சதை. எடுத்தாகிவிட்டது. அடுத்த ஊசிக்குக் கூப்பிட்டபோது பெரியம்மா முன்வரிசையில் நின்றா; கை நோகும் என்ற ஒரே முறைப்பாட்டோடு.