கண்ணுக்குள் காஸ் இருக்கும் மட்டும்

விட்ரெக்டமி என்ற கண் ஒப்பரேஷன் செய்துவிட்டு வந்த ஒருவரைப் பார்க்கப் போனால், குப்புறக் கிடக்கிறாரே என்று தேத்தண்ணி குடிக்க எழுப்பி நிமிர்த்தி இருத்தாதீர்கள். அந்தக் கிடைதான் மருந்து.

எனக்கு விழித்திரையின் நடுவில் ஓட்டை. கொழும்பில் ஒப்பரேஷன் செய்து, கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப்பொருளை எடுத்துவிட்டு காஸ் நிரப்பினார்கள். காஸ் எப்போதும் மேலேதான் ஏறும், முகத்தைக் கீழே போட்டால் கண்ணின் பின்பக்கம் மேலே வரும், அப்போது அந்தக் குமிழி ஓட்டையில் போய் அழுத்தி அதை மூட வைக்கும். விசயம் இவ்வளவுதான், ஆனால் கிளிநொச்சியில் பங்குனி வெக்கைக்குள் அப்படிக் கிடப்பது லேசில்லை. துவாயை வளையமாகச் சுருட்டி நெற்றிக்குக் கொடுத்து, கட்டில் விளிம்பில் முகம், கீழே நிலத்தில் சாப்பாட்டுக் கோப்பை. கண்ணைவிடப் பிடரிதான் நொந்தது. பெரியம்மா வந்து, "என்னடா தம்பி, இப்பிடி முகத்தைப் புதைச்சுக்கொண்டு கிடக்கிறாய், எழும்பி இரு" என்று அழவே தொடங்கிவிட்டா. அதற்குப் பிறகு மனுசி வருகிறவர்களுக்கெல்லாம் வாசலிலேயே விளக்கம் சொல்லித்தான் உள்ளே விட்டா, அவ இல்லாவிட்டால் என்னால் முடிந்திராது.

தொடக்கத்தில் கை அசைவது மட்டும்தான் தெரியும். அப்புறம் மேற்பக்கம் தெளிந்து, நடுவில் ஒரு கோடு வரும், நடந்தால் தளும்பும், ஆடி மாதத்துக் குளம் போல நாளுக்கு நாள் கீழே இறங்கும். எஸ்எஃப்6 என்ற காஸ் என்றால் ஏறத்தாழ 2 கிழமையில் கரையும், சி3எஃப்8 என்றால் 2 மாதம் வரை போகும்.

அது கரையும் மட்டும் பிளேன் ஏறக்கூடாது. இதை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் நுவரெலியாவில் சொந்தக்காரர் இருப்பவர்கள் கவனியுங்கள், அது 1,800 மீற்றருக்கு மேலே, அங்கே காற்றழுத்தம் குறைய காஸ் விரிந்து கண் அழுத்தம் ஏறும், பார்வையே போகலாம். வன்னி மட்டமான நிலம், ஊரில் இருக்கப் பயமில்லை. வேறு ஏதாவது ஒப்பரேஷன் வந்தால் கண்ணில் காஸ் இருப்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நைட்ரஸ் ஒக்சைட் என்ற மயக்க காஸ் அந்தக் குமிழியை ஊதிப் பெருக்க வைக்கும். கிணற்றடியில் தலைக்கு அள்ளி ஊற்றுவதும் வெட்டுமிஷின் ஓடுகிற வயல் தூசிக்குள் நிற்பதும் டொக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

இப்போது எனக்கு எழுத்து வாசிக்க முடிகிறது, நேர்கோடுகள் கொஞ்சம் வளைவுதான். வில்லையில் புரை வளரும், அதற்கு இன்னொரு ஒப்பரேஷன் வரலாம் என்றிருக்கிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் நோவு கூடிக் கண் சிவந்து பார்வை குறைந்தால், விடியட்டும் என்று இருக்கவே வேண்டாம், இரவென்றாலும் வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.