கயத்தாறு தாண்டும் வரை

முதல் தடவை வந்தது பஸ்ஸில். திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கயத்தாறு நெருங்கும்போது நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பத்தவில்லை. சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் வரை விடவே இல்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று முறை அவசரப் பிரிவுக்குப் போனேன். இசிஜி, ரத்தப் பரிசோதனை, ஒருமுறை எக்கோ. எல்லாமே நார்மல். ஒரு இடத்தில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில், "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா "பயந்த கோளாறு" என்று சொல்லித் திருநீறு மந்திரித்துப் போட்டாள். கடைசியாக எடுத்த இசிஜி தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். படபடப்பு வரும்போதெல்லாம் அதை விரித்துப் பார்ப்பேன். மடிப்புகளில் கோடு அழியத் தொடங்கியிருந்தது.

நெஞ்சுவலி வந்தவுடன் இதயத்தைப் பரிசோதித்தது சரிதான். யாருக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்து எங்கே போகணும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அம்மா முதலில் தைராய்டு பார்த்துவிடச் சொன்னார். அது கூடினாலும் இதே படபடப்பு வருமாம். அப்புறம் கேள்விகள். "மனசுல ஒரு கவலை வந்து அப்புறம் படபடப்பு வருதா? இல்ல, சும்மா இருக்கும்போதே திடீர்னு வருதா?" திடீரென்றுதான். "எவ்வளவு நேரத்துல உச்சத்துக்குப் போகுது?" பத்து நிமிடத்துக்குள். "வராத நாள்ல, மறுபடி வந்துடுமோன்னு பயம் இருக்கா?" எப்போதும். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இதுக்காக எங்கெங்க போறதை நிறுத்தியிருக்கீங்க?"

அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பஸ், சினிமா, ரதவீதியில் துணியெடுக்கப் போவது. அந்த வருஷம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்குக்கூடத் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

எனக்கு இருப்பது பேனிக் டிஸார்டர், அதாவது காரணமே இல்லாமல் திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் நோய்; அதோடு சேர்ந்து அகோராஃபோபியா என்றார். அகோராஃபோபியா என்றால் வெட்டவெளியைக் கண்டு பயப்படுவது என்றுதான் நினைத்திருந்தேன். விஷயம் அது இல்லை. ஏதாவது ஆனால் இங்கிருந்து சட்டென்று வெளியேற முடியாதே, உதவிக்கு ஆள் கிடைக்காதே என்று தோன்றும் இடங்களைக் கண்டு வரும் பயம். பஸ், கூட்டம், வரிசை எல்லாம் அதில் அடங்கும். டென்ஷன் என்ற ஒரே சொல்லில் எத்தனை நோய்களைப் போட்டு மூடிவைத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எங்கள் வீட்டிலேயே மூன்று விதம் இருந்தது. அம்மாவுக்கு என்னைப் போலத் திடீரென்று எதுவும் வராது. ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து கவலைதான். சிலிண்டர் மூடியாச்சா, தம்பி சாப்பிட்டானா, அவள் பஸ் எங்கே நிற்கிறதோ. ஒன்று தீர்ந்தால் அடுத்தது. கழுத்தும் தோளும் எப்போதும் இறுகிக் கிடக்கும், தூக்கமும் கிடையாது. இப்படிப் பல விஷயங்களைப் பற்றிய அடக்க முடியாத கவலை 6 மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் இருந்தால் அது பொதுப் பதற்ற நோய். அம்மாவின் "குணம்" என்றே இத்தனை வருஷம் விட்டிருந்தோம். தம்பிக்கு வேறு. நாலு பேர் முன்னால் சாப்பிட மாட்டான், வைவா என்ற வாய்மொழித் தேர்வு வந்தால் இரண்டு நாள் முன்பே வயிறு கலங்கும். தப்பாகப் பேசிவிடுவோமோ, கேவலமாக நினைப்பார்களோ என்ற பயம். கூச்ச சுபாவம் என்று நாங்கள் சொன்னது சமூகப் பதற்ற நோய். ஆசுபத்திரி வாசல் வரை வந்து திரும்பிப்போனவன், கடைசியில் 14416-க்குப் பேசினான். அது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; தமிழிலேயே பேசலாம். மூன்று முறை போட்டு வைத்துவிட்டு, நாலாவது முறைதான் பேசினான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரையை ஆரம்பித்தார்கள். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடத்தான் செய்தது. அப்படி ஆகலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். பலன் தெரிய நாலு வாரம் ஆனது. இடைக்காலத்துக்குக் கொடுத்த தூக்க மாத்திரை போன்ற ஒன்றை, பழகிவிடும் என்பதால் சீக்கிரமே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

ஆனால் என்னை மீட்டது உளவியலாளர் செய்யச் சொன்ன பயிற்சிகள். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொன்னார். மாடிப்படி ஏறி இறங்கவைத்தார். நான் எந்த உணர்வைக் கண்டு ஓடினேனோ, அதே தலைசுற்றல், அதே மூச்சுமுட்டல், அதே படபடப்பு. அது தானாக ஏறி, தானாக இறங்குவதை அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தேன். விரல் மரத்துப்போவது ஏன் என்றும் விளக்கினார்: பயத்தில் வேகவேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான்.

அப்புறம் பஸ். முதல் வாரம் தாழையூத்து வரை மட்டும், தினமும். அடுத்து கங்கைகொண்டான். கயத்தாறுக்கு டிக்கெட் எடுக்கவே எனக்கு ஐந்து வாரம் ஆனது. அன்றைக்கு உளவியலாளர் ஒரு நிபந்தனை போட்டார்: "அந்த இசிஜி வீட்டுல இருக்கட்டும்."

கங்கைகொண்டான் தாண்டியதும் வந்தது. கை பைக்குள் போய்த் தேடியது. ஜன்னல் கம்பியைக்கூடப் பிடிக்காமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறியது, நின்றது, இறங்கியது. கயத்தாறில் இறங்கவேண்டியவள், கண்டக்டரிடம் கோவில்பட்டிக்கு இன்னொரு டிக்கெட் வாங்கினேன்.

அம்மா போன் செய்தாள். "எங்கட்டி இருக்க?"

"கயத்தாறு தாண்டிட்டேம்மா" என்றேன்.