கணக்கு நிலக்கரி எடையில் தொடங்குகிறது: ஒரு அனல் மின் நிலையத்தின் கார்பன் தடத்தை அளந்து குறைக்கும் வழி

210 மெகாவாட் மின் உற்பத்தி அலகு ஒன்று முழுச் சுமையில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சத்து 40 ஆயிரம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி என்று வைத்தால் 3,528 டன் எரிகிறது. அதில் கார்பன் 37 சதவீதம் என்றால், எரியாமல் சாம்பலோடு போவது நீங்கலாக, அன்று மட்டும் புகைபோக்கி வழியே போகும் கார்பன்-டை-ஆக்சைடு சுமார் 4,700 டன். அலுவலக வண்டி டீசலும் கேன்டீன் கேஸும் இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனாலும் முதல்முறை கணக்கெடுப்பவர்கள் டீசல் பில்லைத் தேடியே முதல் மாதத்தைக் கரைத்துவிடுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் உழைப்பின் முக்கால் பங்கு நிலக்கரிக்கே போக வேண்டும்.

எல்லையை முதலில் வரைந்துவிடுங்கள். பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிடும் சர்வதேச விதிமுறையான ஜி.எச்.ஜி. புரோட்டோகால் முறைப்படி, நாமே எரிப்பதும் நம் கருவிகளிலிருந்து கசிவதும் ஸ்கோப் 1. வெளியிலிருந்து வாங்கிப் பயன்படுத்தும் மின்சாரம் ஸ்கோப் 2. நிலக்கரி சுரங்கத்தை விட்டுப் புறப்பட்டு நம் வாசலுக்கு வரும்வரை உள்ளது ஸ்கோப் 3. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் போய், கப்பலில் எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வந்து இறங்குகிறதே, அந்தப் பயணம் முழுவதும் இந்த மூன்றாவதில் அடங்கும். அடிக்கடி நடக்கும் தவறு, மின் நிலையம் தன் மோட்டார்களுக்கே எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தை ஸ்கோப் 2 என்று எழுதுவது. அதற்கான கரி ஏற்கெனவே ஸ்கோப் 1-ல் வந்துவிட்டது. அலகு நின்றிருக்கும்போதும் மறுபடி கிளப்பும்போதும் கிரிட்டிலிருந்து (பொது மின் தொகுப்பிலிருந்து) இழுப்பது மட்டுமே ஸ்கோப் 2. அதை மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கிரிட் காரணியால், அதாவது கிரிட் மின்சாரத்தின் சராசரி கார்பன்-டை-ஆக்சைடு அளவால், பெருக்கலாம். 2022-23க்கு அது மெகாவாட் மணிக்கு 0.716 டன்.

இனி எடை. இரண்டு வழியிலும் எடுக்க வேண்டும். ஒன்று, கரியை அரைக்கும் மில்லுக்கு மேலே, கரியை எடைபோட்டபடியே உள்ளே அனுப்பும் கிராவிமெட்ரிக் ஃபீடர்களின் மொத்த அளவு. இன்னொன்று, கரி குவித்து வைக்கும் யார்டின் கணக்கு: ஆரம்ப இருப்பு, அதோடு வரவு, அதிலிருந்து இறுதி இருப்பைக் கழித்தது. இரண்டும் மாதக் கடைசியில் 2 சதவீதத்துக்கு மேல் முரண்பட்டால், காரணம் தெரியும்வரை நாங்கள் அடுத்த வேலைக்குப் போவதில்லை. ஃபீடர் பக்கம் வழக்கமான குற்றவாளி, எடை உருளையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் ஈரக் கரித்தூள். ஜீரோ மெல்ல நகர்ந்து, வராத கரியையும் எண்ண ஆரம்பிக்கும். யார்டு பக்கம் குற்றவாளி, அடர்த்தி. குவியலின் கன அளவை எவ்வளவு துல்லியமாக சர்வே எடுத்தாலும், புல்டோசர் ஏறி அழுத்திய இடத்துக்கும் நேற்று கொட்டிய இடத்துக்கும் ஒரே அடர்த்தியைப் போட்டால் உழைப்பு வீண்.

எடை சரியானாலும் கார்பன் சதவீதத்தில் கணக்கு கவிழும். நாங்கள் பார்த்த பிழைகளில் மிகப் பெரியது இங்கேதான். ஆய்வகத்தில் கரியை 212 மைக்ரானுக்கு அரைத்து, காற்றில் உலர்த்தி, அதன்பிறகே கார்பன் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் வரும் எண் உலர்த்திய மாதிரிக்கு உரியது. ஃபீடர் எடை போடுவதோ ஈரத்தோடு போகும் கரியை. இரண்டையும் அப்படியே பெருக்கக்கூடாது. உலர்ந்த மாதிரியில் ஈரம் 6, கார்பன் 42 என்று வைப்போம். ஃபீடரில் போன கரியின் மொத்த ஈரம் 14. அப்படியானால் 42-ஐ 86-ஆல் (100 கழித்தல் 14) பெருக்கி 94-ஆல் (100 கழித்தல் 6) வகுக்க வேண்டும். விடை 38.4. மாற்றாமல் 42-ஐயே போட்டால் உமிழ்வு 9 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இன்னும் ஏறும்போது வித்தியாசமும் ஏறும்.

மொத்த ஈரத்துக்கான மாதிரியை எடுத்த இடத்திலேயே இரட்டைப் பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள். வாளியில் திறந்தபடி ஆய்வகம் வரை நடந்து வந்தால், வழியிலேயே ஈரம் போய்விடும். மாத சராசரியை எரிந்த டன்னுக்கு ஏற்ற எடைச் சராசரியாக எடுங்கள். இறக்குமதிக் கரி கலந்து எரித்த நாள்களும் உள்நாட்டுக் கரி மட்டும் எரித்த நாள்களும் சமமல்ல.

எரியாமல் சாம்பலோடு போகும் கார்பனைக் கழிக்கலாம், ஆனால் அளந்துவிட்டுக் கழியுங்கள். சாம்பல் 38 சதவீதம், அதில் நூற்றுக்கு 80 பங்கு புகையோடு பறக்கும் உலர் சாம்பல், 20 பங்கு பாய்லரின் அடியில் விழும் அடிச்சாம்பல். உலர் சாம்பலில் எரியாத கார்பன் 1 சதவீதம், அடிச்சாம்பலில் 4 சதவீதம் என்றால், கரியின் எடையில் 0.6 சதவீதம் எரியாமல் தப்புகிறது. கார்பன் 37-இல் இது 1.6 சதவீதம். ஆக எரிந்தது 98.4. மத்திய மின்சார ஆணையம் நிலக்கரிக்கு எடுத்துக்கொள்ளும் 0.98-ஐ ஒட்டியே வருவதால், சொந்த அளவீடு இதிலிருந்து ரொம்ப விலகினால் சாம்பல் மாதிரியைச் சந்தேகப்படுங்கள். மீதி எளிது: எரிந்த கார்பனை 44/12-ஆல், அதாவது 3.667-ஆல் பெருக்கினால் கார்பன்-டை-ஆக்சைடு.

சின்ன இனங்களில் விட்டுவிடக்கூடாதது சுவிட்ச்யார்டு பிரேக்கர்களில் (மின் இணைப்பைத் துண்டிக்கும் கருவிகளில்) இருக்கும் எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயு. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாவது மதிப்பீட்டின்படி இதன் 1 கிலோ, 23.5 டன் கார்பன்-டை-ஆக்சைடுக்குச் சமம். கசிவை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, சிலிண்டர் எடைதான் சொல்லும். வருட ஆரம்பத்தில் சிலிண்டர்களில் இருந்தது, அதோடு வாங்கியது, அதிலிருந்து வருடக் கடைசி இருப்பையும் புதிய கருவிகளில் நிரப்பியதையும் கழித்தால் மிஞ்சுவது கசிவு. “காலி” என்று திருப்பி அனுப்பும் சிலிண்டரையும் தராசில் ஏற்றுங்கள். உள்ளே மிச்சமிருந்தால், அது கசிந்ததாகவே கணக்கில் ஏறிவிடும்.

குறைப்பதற்கு வருவோம். அனல் மின் நிலையத்தில் கார்பனைக் குறைப்பது என்றால் பெரும்பாலும் ஹீட் ரேட்டை, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் வெப்பத்தை, குறைப்பதுதான். டர்பைனை விட்டு வரும் நீராவியைத் தண்ணீராக்கும் கண்டென்சரில் வேக்கம் (வெற்றிடம்) 10 மி.மீ. பாதரசம் கெட்டால் ஹீட் ரேட் சுமார் 1 சதவீதம் ஏறும். மேலே சொன்ன அலகில் அது நாளைக்கு 47 டன். வேக்கம் ஏன் கெட்டது என்பதைப் பிரித்தறியாமல் ட்யூப் சுத்தம் செய்யக் கிளம்பக்கூடாது. குளிர்நீரின் வெப்ப உயர்வு டிசைனைவிட அதிகமென்றால் தண்ணீர் வரத்து போதவில்லை. கடலோர நிலையங்களில் சிப்பியும் ஜெல்லிமீனும் திரையை அடைத்திருக்கும். வெப்ப உயர்வு சரியாக இருந்து, கண்டென்சேட்டில் (குளிர்ந்து தண்ணீரான நீராவியில்) கரைந்த ஆக்சிஜன் ஏறியிருந்தால் காற்று உள்ளே வருகிறது, ஹீலியம் வைத்து ஓட்டையைத் தேட வேண்டும். இரண்டும் இல்லையென்றால்தான் ட்யூப் அழுக்கு.

பாய்லருக்குப் போகும் காற்றைப் புகையின் சூட்டால் சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டரில் ஒரு ஏமாற்று உண்டு. புகை வெப்பநிலை 20, 22 டிகிரி ஏறினால் பாய்லர் திறன் சுமார் 1 சதவீதம் போகும் என்பதால் எல்லோரும் அந்த மீட்டரையே பார்க்கிறார்கள். ஆனால் சீல் தேய்ந்து குளிர்காற்று புகைக்குள் கலந்தால் மீட்டர் குறைவாகக் காட்டும், நிலைமை நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே ஆக்சிஜனை நுழைவிலும் வெளியிலும் அளங்கள். நுழைவில் 3.5, வெளியில் 6 என்றால், வித்தியாசம் 2.5-ஐ 21 கழித்தல் 6, அதாவது 15-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க 15 சதவீதக் கசிவு. ஒரே ஒரு புரோபை நம்பாமல் டக்ட்டின் குறுக்கே பல புள்ளிகளில் எடுங்கள்.

செலவே இல்லாமல் கிடைக்கும் லாபம், அலகு கிளம்பிய பிறகு முழுதாக மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும் டிரெயின் வால்வுகளை (நீராவிக் குழாயில் தேங்கும் நீரை வெளியேற்றுபவை) கண்டுபிடித்து மூடுவது. வால்வுக்குப் பின்னால் குழாயின் வெப்பநிலையை இன்ஃப்ராரெட் கன்னால் பார்த்தால் தெரிந்துவிடும். பளபளக்கும் அலுமினியத் தகட்டின் மேல் காட்டினால் அது பொய் சொல்லும், சூடாக இருந்தும் குறைவாகவே வாசிக்கும். காப்புறையில் ஒரு சிறு ஜன்னல் வெட்டி, வெறும் குழாயில் கறுப்பு பெயின்ட் பூசி, அந்தப் புள்ளியிலேயே ஒவ்வொரு முறையும் அளங்கள்.

பயோமாஸ் பெல்லட் (தாவரக் கழிவை அழுத்திச் செய்த எரிபொருள் உருண்டை) கலந்து எரித்தால், அதன் கார்பன்-டை-ஆக்சைடை ஸ்கோப்புகளுக்கு வெளியே தனியாகக் காட்ட வேண்டும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-ல்தான். பெல்லட் அதே பெல்ட்டில் கரியோடு போவதால் ஃபீடர் இரண்டையும் கரி என்றே எண்ணும். கலக்கும் முன்பே எடை போட்டுக் கழிக்காவிட்டால், குறைத்த கார்பன் கணக்கில் தெரியவே தெரியாது.

அறிக்கையில் மொத்த டன்னையும் யூனிட்டுக்கான கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பகலில் சூரிய மின்சாரம் ஏறும்போது அலகை 55 சதவீதச் சுமைக்கு இறக்கச் சொல்கிறார்கள். மொத்த டன் இறங்கும், ஆனால் குறைந்த சுமையில் ஹீட் ரேட் மோசமாவதால் யூனிட்டுக்கான கிலோ ஏறும். முதலாவதை மட்டும் காட்டி “குறைத்துவிட்டோம்” என்பது நேர்மையல்ல. இரண்டாவதை மட்டும் பார்த்து ஆபரேட்டரைக் குறை சொல்வதும் நியாயமல்ல.

அளக்கும் முறை மாறினாலும் எண் இறங்கும். ஈரத் திருத்தத்தைப் புதிதாகச் சேர்த்த ஆண்டில், ஒரு வால்வைக்கூடத் தொடாமல் 9 சதவீதம் குறைந்ததாகத் தெரியலாம். அதனால் முறை மாற்றினால், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டையும் அதே முறையில் திரும்பக் கணக்கிட வேண்டும். நாங்கள் மூன்று மாதம் பழையதையும் புதியதையும் இணையாக ஓட்டி, வித்தியாசத்தை “அளவீட்டு மாற்றம்” என்று தனி வரியாக எழுதி, குறைப்புக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம்.