மூணாவது வளைவு

"ட்ராக் எப்படி இருக்கு?" என்று கேட்டான். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். மொத்தப் பேச்சே இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இன்னும் சுருக்கம். இதற்காக ஒருவன் மாசக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொள்வானா என்றால், குடைந்துகொண்டுதான் இருக்கிறேன்.

சில நாள் நினைவு வேறு மாதிரி வருகிறது. "மூணாவது வளைவு எப்படி இருக்கு" என்று கேட்டதாகத் தோன்றும். பொதுவாகக் கேட்டிருந்தால் நான் பொதுவாகப் பதில் சொன்னேன். வளைவைக் கேட்டிருந்தால் பொய் சொன்னேன். அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, கேட்டுச் சரிபார்க்கவும் வழியில்லை.

இங்கிலாந்தில் ஒரு ஸ்பீட்வே மைதானம், மண் தடத்தில் இரண்டு அணிகள் மோதும் பைக் பந்தயம். திங்கட்கிழமை சாயங்காலம், ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வெளியூர் அணி வீரர்கள் இரண்டு மூன்று பேராகத் தடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். என்னிடம் அதைக் கேட்டவன் மட்டும் தனியாக வந்தான். ரிசர்வ் வீரன், இருபது வயதுக்குள்தான் இருக்கும், எங்கள் மைதானத்துக்கு முதல் தடவை. இடது காலில் மாட்டும் இரும்பு லாடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்னீக்கர் போட்ட காலால் ஷேல் மண்ணை அங்கங்கே மிதித்துப் பார்த்தான். நான் மண்ணை வாரிச் சமன்படுத்தும் பல் வைத்த ரேக்கை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தேன். பகலில் கிடங்கில் பெட்டி அடுக்குவேன், சீசனில் திங்கள் வியாழன் இங்கே மண் வாருவேன். அம்மா போனில், "லண்டன் போயி மண்ணு வார்றியா" என்பாள். இது லண்டன் இல்லை என்று விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்திருந்தது இதுதான். ஸ்டாண்டின் நிழல் விழுவதால் மூணாவது வளைவின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு ஈரம் காயாது. மேலே பார்த்தால் மற்ற இடம் போலவே சிவப்பாக இருக்கும். ரேக்கை இழுத்தால்தான் கனம் தெரியும், பல்லில் மண் அப்பிக்கொண்டு வரும். ஈரம் என்றால் வழுக்கும் என்று நினைப்பீர்கள். இங்கே நேர்மாறு. பிரேக்கே இல்லாத 500 சிசி வண்டி, வளைவு முழுக்கப் பின்சக்கரம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டேதான் போகும். சறுக்குகிற சக்கரம் ஈரத்தில் சட்டென்று கடித்தால் முன்சக்கரம் மேலே எழும்பும், வண்டி திரும்பாமல் நேராக வேலியைப் பார்த்துப் போகும். எங்கள் பையன்களுக்கு இது பழக்கம். அந்த இடத்தில் ஒரு கணம் த்ராட்டிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, விடுவார்கள், இல்லையென்றால் இன்னும் வெளியே போய்விடுவார்கள்.

ஹீட் என்றால் ஒரு ஓட்டம், அணிக்கு இரண்டு பேர். இரண்டாவது ஹீட் ரிசர்வ் வீரர்களுடையது. இரண்டாவது சுற்றில் எங்களவன் ஒருவன் முன்னால், இவன் இரண்டாவது, இவனுடைய ஜோடி மூன்றாவது. எங்கள் இன்னொருவன் கடைசியில். இவன் வளைவுக்குள் அழகாகத்தான் வந்தான். அப்புறம் முன்சக்கரம் தூக்கியது. காற்றடைத்த தடுப்பில் மோதிய சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, தலையணையைத் தரையில் போட்ட மாதிரி. சிவப்பு விளக்கு. நான்தான் பக்கத்தில் இருந்தேன், முதலில் ஓடியதும் நான்தான். வண்டியை இழுத்து நகர்த்தினேன். மெத்தனால் வாசனை. அவன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான் என்று சொல்ல முடியாது. கண்ணாடி முழுக்க மண்.

காறை எலும்பு முறிவு. இந்த விளையாட்டில் சளி காய்ச்சல் மாதிரி அது, தகடு வைத்துக்கொண்டு சில வாரத்தில் திரும்பிவிடுவார்கள். ஆனால் புள்ளிக்குக் காசு வாங்குகிறவனுக்குச் சில வாரம் சும்மா இல்லை. வண்டி அவன் காசு, மெக்கானிக் அவன் காசு. ரேஸ் நிற்கக் காரணமானவன் என்று அவனை விலக்கிவிட்டு மறு ஓட்டம் நடத்தினார்கள். முதலுக்கு மூன்று புள்ளி, அடுத்தவர்களுக்கு இரண்டு, ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. எங்களவர்கள் முதலும் இரண்டாவதும், ஐந்துக்கு ஒன்று.

ஆட்டம் 46-44, நாங்கள் ஜெயித்தோம். அன்று ராத்திரி பஸ்ஸில் கணக்குப் போட்டேன். அவன் விழாமல் அந்த ஹீட் மூன்றுக்கு மூன்று என்று முடிந்திருந்தால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 44-46. போட்டிருக்கவே கூடாத கணக்கு.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரெஃப்ரி தடத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆட்டம். அங்கே பள்ளம் இல்லை, விதிமீறல் எதுவும் இல்லை. சொந்த மண்ணின் குணம் தெரிந்திருப்பதுதானே சொந்த மைதானத்து லாபம்? எதிரணிக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவா எனக்குச் சம்பளம்? இன்னொன்று, ஜெயிக்காத அணிக்குக் கூட்டம் வராது. கூட்டம் இருந்தாலுமே மைதானம் நிலைப்பதில்லை. 2021-இல் இங்கே மேல்மட்ட லீக்கான பிரீமியர்ஷிப் பட்டம் வாங்கிய பீட்டர்பரோ அணி 2023 சீசனோடு மைதானத்தை இழந்தது. அதே வருஷம் வுல்வர்ஹாம்ப்டன் அணியும் தன் மைதானமான மான்மோர் கிரீனை விட்டு வெளியேறியது. இந்த நிலைமையில் ஒவ்வொரு வெற்றியும் எங்களுக்கு வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் அவனுக்குப் பதில் சொன்னேனா? இல்லை. ஒன்றும் யோசிக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. நியாயங்கள் பிறகு வந்து வரிசையில் நின்றன.

தடப் பொறுப்பாளரிடம் டீ குடிக்கும்போது சொன்னேன். முப்பது வருஷமாக ஷேல் மண்ணோடு வாழ்கிற கிழவர். "அவன் அந்த ஈரத்தைத் தொடவே இல்ல, ஒரு முழம் உள்பக்கமா வந்தான், நான் பார்த்தேன். அவசரப்பட்டு த்ராட்டிலை முறுக்கிட்டான்" என்றார். அந்தப் பையனே வண்டிகள் நிற்கும் பிட்ஸில் "என் தப்புதான்" என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அப்படியானால் நான் என்ன சொல்லியிருந்தாலும் விழுந்திருப்பான். இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கிழவர் நின்ற இடத்திலிருந்து ஒரு முழ வித்தியாசம் தெரியுமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

2015-இல் ஆஸ்திரேலிய வீரர் டார்சி வார்ட் போலந்தின் ஜீலோனா கூராவில் கடைசி ஹீட்டில் முன்னால் போனவரின் பின்சக்கரத்தில் பட்டு விழுந்தார், இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அங்கே ஈரமும் இல்லை, ரேக் பிடித்தவனும் இல்லை. யாரும் எதுவும் செய்யாமலே இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இதை எடுத்துக்கொள்கிறேன். சில சமயம் எடுபடுகிறது.

சரி, இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஜூலையில் எதிரணிப் பெரிய வீரர் ஒருவர் நின்று கேட்டார். திங்கள் இங்கிலாந்து, செவ்வாய் ஸ்வீடன், வெள்ளி ஞாயிறு போலந்து என்று பறக்கிற ஆள். ஈரத்தைப் பற்றி விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாலயே எனக்கு அது தெரியும் மேட்" என்று சிரித்தபடி போனார்.

செப்டம்பரில் அந்தப் பையன் மறுபடி வந்தான். இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை. நானே போனேன். "மூணாவது வளைவுல நடுவுல ஈரம் இருக்கும், பார்த்துக்க" என்றேன். தலையை ஆட்டினான், நன்றி சொன்னான். என்னை ஞாபகம் இருந்த மாதிரி தெரியவில்லை.

அந்த வாரம் நல்ல வெயில். கிழவர் மதியம் அந்தப் பக்கம் தண்ணீர் வண்டியைக் கொண்டுபோகவே இல்லை. எனக்குத் தெரியாது. நான் வேலை முடிந்து தாமதமாக வந்தவன், அந்த வளைவில் அன்றைக்கு ரேக் போடவும் இல்லை. முதல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பையன் மூணாவது வளைவில் த்ராட்டிலை விட்டான். ஈரமே இல்லாத இடத்தில். எங்களவன் வெளிப்பக்கமாக அவனைத் தாண்டிப் போனான்.

ரேஸ் முடிந்து மெதுவாகச் சுற்றி வரும்போது நான் நின்ற இடத்தில் தலையைத் திருப்பினான். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட முகத்தில் என்ன தெரியும்?

கிழவர் பக்கத்தில் வந்தார். "ஏன் அங்க விட்டான்? அவன்கிட்ட ஏதாவது சொன்னியா?"

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.