சுறாக் கருவாடும் எங்கள் தமிழய்யாவும்

போன மாதம் ஐயா போய்விட்டார். ராமநாதபுரத்தில் கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் சங்க இலக்கியம் நடத்தியவர். பேர் எழுதவில்லை, மேடையில் தன் பேரை இரண்டு தடவை சொன்னாலே நெளிகிற ஆள் அவர். அவரிடம் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று அரசாங்க ஆட்களை மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். மாற்றலில் வருகிற வாத்தியார்கள் வந்த மறுநாளே திரும்பிப் போக மனு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஐயா எழுதவில்லை. கேட்டால், "எங்க ஊருக் கண்மாயும் காஞ்சுதான் கெடக்கு. இங்க கடலாச்சும் இருக்கு" என்பார். ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்தார்.

நான் 2003-இல் சேர்ந்தேன். பாம்பனிலிருந்து தினமும் பஸ். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலடிப் பாறையான பாரில் முங்கி கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்று பாசி வகைகளைப் பிடுங்கி வருவாள். மற்ற நாளில் கருவாடு. என் தாவணி, என் பை, என் நோட்டு எல்லாவற்றிலும் அந்த வாடை இருக்கும். வீட்டில் இருக்கும்போது தெரியாது, பாம்பன் பாலத்தில் அடிக்கிற காற்றில்கூட தெரியாது, மண்டபம் தாண்டி பஸ் நிறைந்ததும் தெரியும். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்துபோய் நின்றுகொண்டே வந்தார். அன்றிலிருந்து ஒரு பவுடர் டப்பா ஒரே வாரத்தில் தீர்ந்தது. முதல் வாரத்தில் ஐயா எல்லாரிடமும் "வீட்ல என்ன தாயி பண்றாக?" என்று கேட்டுக்கொண்டே வந்தபோது, "அம்மா சும்மாதான் இருக்காக" என்று சொன்னேன். கடலுக்குள் முங்கி மூச்சைப் பிடிக்கிறவளை.

அப்புறம் நற்றிணை 45 வந்தது. தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த பாட்டுதான். தேரில் வருகிற பணக்காரப் பையன் பரதவர் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வருகிறான், தோழி அவனை நிறுத்திப் பேசுகிறாள். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அழகென்ன வேண்டிக்கிடக்கிறது என்கிறாள். 'புலவு நாறுதும், செல நின்றீமோ!' நாங்கள் புலால் நாறுகிறோம், தள்ளி நில்லுங்கள்.

ஐயா ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவன் ரொம்ப உருக்கமாக, அழுகிற குரலில் வாசித்தான். ஐயா பாதியில் நிறுத்தி, "ஏம்ப்பா, நீ எதுக்கு அழுவுற? அவ அழுவலையே. போய்யா அந்தப் பக்கம்ங்கிறா" என்றார். அவரே வாசித்துக் காட்டினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, துண்டை உதறிக்கொண்டு, மீன் ஏலத்தில் எங்கள் ஊர்ப் பொம்பளைகள் வியாபாரியிடம் நிற்பார்களே, அப்படி. இந்த மனுஷன் அதை எங்கே போய்ப் பார்த்தார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. (அதிகாலையில் ஏலம் பார்க்கப் போய் நிற்பாராம், நோட்டுப் புத்தகத்தோடு. வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று எந்தக் காற்றுக்கு என்ன மீன் படும் என்பதையெல்லாம் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார்.) பாட்டின் கடைசி அடி 'எம்மனோரில் செம்மலும் உடைத்தே'. எங்க ஆளுகள்லயும் பெரிய மனுஷங்க இருக்காக, நீ கெளம்பு. அப்படித்தான் ஐயா உரை சொன்னார், எந்தப் பதிப்பிலும் அப்படிப் போட்டிருக்காது.

சொல்லிவிட்டு, "இங்க யார் யார் வீட்டுல கருவாடு காயுது?" என்றார். கீழக்கரை, தேவிபட்டினம், மூக்கையூர் என்று பாதி வகுப்பு கடற்கரைதான், ஆனால் ஒரு கையும் எழவில்லை. ஐயா சும்மா நின்றார். மூக்கையூர்ப் பையன் ஒருத்தன் முதலில் தூக்கினான், அப்புறம் நாலைந்து பேர். நான் கடைசி.

இதை வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. "பாட்டுல சுறாக் கருவாடு வருதா? அவருக்குப் பிடிக்குமாக்கும். நம்ம வீட்லயே கெடக்கே" என்று ஒரு கிலோவைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, மறுநாள் கொடுத்தனுப்பினாள். சுறாக் கருவாட்டின் வீச்சம் தெரியாதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது, தெரிந்தவர்களுக்கு எழுத வேண்டியதில்லை. ஐயா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள், "அம்மாட்ட ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு தாயி" என்றார்.

அவர் சுத்த சைவம் என்பது எனக்கு மறு வருஷம் தனுஷ்கோடி போனபோதுதான் தெரியும். அப்போது இந்த ரோடெல்லாம் கிடையாது, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் மணலிலும் தண்ணீரிலும் ஆடிக்கொண்டே போக வேண்டும். அகநானூறு 70-ஐ அந்த இடத்தில் வைத்து நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. 'தொன்முது கோடி'யில் ஆலமரத்தடியில் ராமன் பறவைகளை அமைதியாக்கிய கதை வருகிற பாட்டு. 1964 புயலில் இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று அதைச் சொல்லப் போகிறார், கண் கலங்கப் போகிறோம் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். மனுஷன் ராமனை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்விட்டார். பாட்டின் தொடக்கத்தில் 'குறுங்கண் அவ்வலை' என்று வருகிறதே, சின்னக் கண்ணுள்ள வலை, அதைப் பார்க்க வேண்டுமாம்.

வலையின் மடி, அதாவது மீன் சேருகிற பை, கரைக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மணலில் மண்டியிட்டார். மடிக்கண்ணில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. நெத்திலியும் காரலும் அவர் முழங்காலைச் சுற்றித் துள்ளிக்கொண்டிருந்தன. "அயிலைன்னா என்ன மீன் தாயி?" என்று என்னிடம் கேட்டார். கன்னியாகுமரிப் பக்கம் அப்படிச் சொல்வார்கள், நம்ம கானாங்கெளுத்தி என்றேன். எழுதிக்கொண்டார். பங்கு பிரிக்கிற வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை, பாட்டிலும் அயிலையைப் பங்கு போடுகிறார்கள் அல்லவா. மத்தியானம் குடிசைக் கடையில் நாங்கள் எல்லாரும் மீன் சோறு தின்றபோது ஐயா ஒரு ஓரமாகத் தூக்குவாளியைத் திறந்து தயிர் சோறு சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கருவாட்டை என்ன செய்தீர்கள் என்று அப்போதும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

நான் இப்போது பரமக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். அடக்கத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன், அம்மாவும் வருவேன் என்று ஒரே பிடிவாதம். அவர் ஊர், அவர் சொன்ன மாதிரியே காய்ந்த கண்மாய். ஐயாவின் வீட்டம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அம்மாவைப் பார்த்ததும், "பாம்பனா? சுறாக் கருவாடு குடுத்துவிட்டது நீங்கதானா?" என்றார்.

எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவர் சொன்னார்: மாமியார் அப்போது உயிரோடு இருந்தாராம், அந்தப் பையை நடைக்குள்ளேயே விடவில்லையாம். ஐயா அதைக் கொல்லையில் முருங்கை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். காலையில் கல்லூரி வாட்ச்மேனுக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பு. "தெருவுல உள்ள பூனையெல்லாம் வந்துருச்சு. தூக்கிப் போட்டுட்டு வந்து படுங்கன்னேன். புள்ளை கைல குடுத்துவிட்டதுன்னு சொல்லிட்டு, கயித்துக் கட்டிலைப் போட்டு ராத்திரி பூரா பூனை வெரட்டுனாக."

சைவக்காரருக்கா கொடுத்தோம் என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "விடிஞ்சதும் காக்கா வந்துருக்குமே?" என்றாள்.

"வராம? அதுக்கும் துண்டை வீசிக்கிட்டு நின்னாக."