கூரைக்கு ஏறிய பிறகு வரும் கேள்விகள்

ஆற்றல் பொறியியல் பாடம் எடுக்கிறேன். பருவத்தின் முதல் வகுப்பில் மாணவர்களிடம் ஒரு சின்னக் கேள்வித்தாள் கொடுப்பது வழக்கம். ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றலை ஆதரிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோருமே ‘ஆம்’ என்று எழுதுவார்கள். கிலோவாட்டுக்கும் கிலோவாட் மணிக்கும் என்ன வேறுபாடு என்று அடுத்த கேள்வி. (முன்னது மின்சாரம் பாயும் வேகத்தின் அளவு, பின்னது மொத்தம் பாய்ந்த மின்சாரத்தின் அளவு.) அங்கே பலருக்குப் பேனா நின்றுவிடும்.

அந்த ‘ஆம்’ பொய்யில்லை. பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்த தலைமுறை இது. அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் விவரம் சேராத ஆதரவு சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடுகிறது. ‘சோலார் பேனல் செய்யச் செலவாகிற ஆற்றலை அது திருப்பித் தரவே தராதாமே சார்’ என்று யாராவது சொன்னால் போதும், பாதி வகுப்பு தயங்கும். உண்மையில் சில ஆண்டுகளிலேயே அது ஈடாகிவிடும். பேனலோ 25 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும்.

அதனால் சீக்கிரமே கூரைக்கு அழைத்துப் போய்விடுகிறேன். வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சிறு தகடுகளான செல்கள் 60 கொண்ட பழைய பேனல் ஒன்று அங்கே இருக்கிறது. இருபது இருபதாக மூன்று வரிசைகள். ஒரே ஒரு செல்லின் அளவுக்கு வெட்டிய அட்டையை அதன்மேல் வைக்கச் சொல்வேன். அறுபதில் ஒரு பங்குதான் குறையும் என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். மீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று அடைபட்டால் மின்னோட்டமே தடைபடும். அப்போது மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பைபாஸ் டயோடு என்ற சிறு பாகம், அந்த வரிசையின் 20 செல்களையும் விலக்கிவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. ஒரு மாணவி அட்டையை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும்.

வெயில் ஏற ஏற மின்சாரமும் கூடும் என்ற நம்பிக்கையும் அங்கேதான் உடைகிறது. வெளிச்சம் வேண்டும், சூடு கூடாது. செல்லின் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும்.

அப்புறம் வகுப்பின் பேச்சே மாறிவிடும். சூரியன் சாய்ந்த பிறகு எல்லா வீடுகளிலும் விளக்கெரியுமே, அந்த மின்சாரம் எங்கிருந்து வரும்? பேட்டரி வைப்பதா, தேவையை மதியத்துக்கு நகர்த்துவதா? சென்ற பருவத்தில் இதற்காகவே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வெறும் ‘ஆம்’ எழுதும் நூறு பேரைவிட, ‘ஆம், ஆனால் இரவுக்கு என்ன வழி?’ என்று கேட்கும் பத்துப் பேர்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். நாளைக்கு மின்கட்டமைப்பில் வேலைக்குச் சேர்ந்து, அந்த வழியைத் தேடப்போகிறவர்கள் இவர்கள்தான்.